ஓஹாயோவுக்குப் பிந்தி வந்த கடதாசி

மடு மாதா துணை
மனோர் பார்க், லண்டன்
11 ஜனவரி 2025

அன்புள்ள தங்கச்சி றஜீனாவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகமும் ஞானரட்ணத்தின் முழங்கால் சுகமும் அறிய ஆவல். நான் பேனை பிடித்து எத்தனை வருஷம் என்று கேட்காதே. நத்தார்ப் பண்டிகைக்குப் போன் எடுத்து, நீ பாதியில் வெட்டி, நான் திருப்பி எடுத்து, பிறகு நானும் வெட்டி, அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு இவர்தான் சொன்னார், "நீங்கள் ரெண்டு பேரும் இனிக் கடிதம் எழுதுங்கோ. கடிதத்தை ஒருத்தரும் இடையிலை வெட்டேலாது" என்று. பஸ் ஓட்டுகிற மனுசன், சில நேரம் புத்தியும் சொல்லும்.

றொசாந்தியின் கலியாணம் ஓகஸ்ட் 23, சனிக்கிழமை என்று முற்றாகிவிட்டது. உனக்குத்தான் முதலில் அறிவிக்கிறேன் என்று எழுத ஆசைதான். ஆனால் என் மகள் எனக்குச் சொல்ல முதலே உனக்குச் சொல்லிவிட்டாள். நிஷாந்த் மோதிரம் போட்ட படம் உன் போனுக்கு வெள்ளிக்கிழமை வந்ததாம். பெற்றவளுக்குச் சனிக்கிழமை காலை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உன்னோடு ஒரு மணித்தியாலம் சிரிப்பு. என்ன கதை என்று கேட்டால், "என்ரை ஆராய்ச்சி அம்மா" என்கிறாள். அமெரிக்க மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எப்படி ஒன்றியத்தில் சேர்ந்தன என்று யூனிவேர்சிற்றிக்கு எழுதுகிறாளே, அதுதான். மாநிலம் சேர்ந்ததில் அப்படி என்னடி சிரிப்பு? தேத்தண்ணி கொண்டுபோனால், "தாங்ஸ் அம்மா" என்று வாங்கிக்கொண்டு கதவைத் திரும்பச் சாத்துகிறாள்.

எனக்கு எரிச்சல்தான். ஏன் மறைக்கவேணும்? இந்த வீட்டில் சமைப்பது நான், சிரிப்பு உனக்கு.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
கோபம் முழுக்க ஆறாத அக்கா,
பெர்னடெற்

*

கொலம்பஸ், ஓஹாயோ
26 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே முழங்கால் அளவு பனி. இவரின் முழங்கால் மட்டும் முன்னேற்றம். உங்கள் கையெழுத்தைத் தபாற்பெட்டியில் கண்டதும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தே போனேன். இரண்டு தரம் வாசித்தேன். திட்டு மட்டும்தான் என்று தெரிந்ததும் நிம்மதி.

அக்கா, கோபிக்காதீங்கள். பிள்ளை என்னோடு கதைப்பது, நான் இங்கே இருக்கிறபடியால்தான். மாநில நூலகத்தில் ஏதாவது பார்த்துச் சொல்லும்படி கேட்பாள், நானும் போய்ப் பார்த்துச் சொல்வேன். போன கிழமை ஒரு டெலவேர் காருக்குப் பின்னால் போனேன். நம்பர் தகட்டிலேயே 'முதல் மாநிலம்' என்று அடித்திருக்கிறார்கள். 1787 டிசம்பரில் எல்லாருக்கும் முன்னால் அரசியல் சட்டத்தை ஏற்றுக் கையெழுத்து வைத்ததாம். இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெருமைப் புழுகம் அடங்கவில்லை. வீட்டுக்கு மூத்தவ என்று உங்களைத்தான் நினைத்தேன்.

முக்கியமான விஷயம். றொசாந்தியின் தலைக்குப் போடுகிற கலியாண முக்காடு, நெற், வாங்கிவிட்டேன். சிக்காகோவில் ஒரு கடை, விளிம்பு முழுக்கக் கையால் போட்ட லேஸ். கோயிலுக்கு வெளிக்கிட முதல் பொம்பிளையின் தலையில் நெற் போடுவது ஞானஸ்நானத்தில் பிள்ளையைப் பொறுப்பேற்ற ஞானத்தாயின் வேலை என்று எங்கள் வீட்டு வழக்கம் இருக்கிறதே, றொசாந்திக்கு நான்தானே ஞானத்தாய். அம்மாவுக்கும் அப்படி, உங்களுக்கும் அப்படி. தாய் பக்கத்தில் நிற்பா, தொடமாட்டா. எனக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த ஒரு நாளுக்காக இருபத்தெட்டு வருஷம் காத்திருக்கிறேன், அக்கா.

அத்தானையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் சொல் கேட்டு வளர்ந்த,
றஜீனா

*

மனோர் பார்க்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள றஜீனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். எனக்குத்தான் இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட. காரணத்தை டொக்டர் கேட்டார், நான் சொல்லவில்லை.

இனி என்னைப் படிக்காதவள் என்று நினைக்காதே. ஈஸ்ட் ஹாமில் பழைய சாமான் விற்கிற ஒரு சரிற்றிக் கடையில் அமெரிக்க வரைபடம் ஒன்று வாங்கி, றைஸ் குக்கருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடக் கன்ரீன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் பாடமாக்குகிறேன். புதன்கிழமை கறிக்குத் தாளித்தபடியே றொசாந்திக்குச் சொல்லிக்காட்டினேன்: டெலவேர், நியூ ஜேர்சி, பென்சில்வேனியா. அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். "அம்மா, பென்சில்வேனியாதான் ரெண்டாவது. சித்தியும் இதே பிழையைத்தான் விட்டவ" என்றாள். என் பிழை கூட எனக்குச் சொந்தமில்லை, பார்.

றோட் ஐலண்டைப் பற்றியும் வாசித்தேன். அரசியல் சட்டம் எழுதக் கூட்டம் கூடியபோது அது ஆளே அனுப்பவில்லை. மற்றவர்கள் வேர்த்து விறுவிறுத்து எல்லாம் செய்து முடித்தபிறகு, மூன்று வருஷம் கழித்து, இரண்டே இரண்டு வாக்கு வித்தியாசத்தில் வந்து சேர்ந்தது. அப்படி வந்ததுக்கும் முதல் வந்ததுக்கும் ஒரே கதிரையாம், ஒரே உரிமையாம். இது எந்த ஊர் நியாயம்? தூர நின்றவர் கடைசியில் வந்து நடுவில் இருப்பார், முதுகு ஒடிந்தவர் பக்கத்தில் நிற்பார்.

நெற் விஷயம். லண்டனில் இப்போது அந்தப் பழைய வழக்கம் ஒருவரும் பார்ப்பதில்லை. எங்கள் கோயில் பங்கில் போன வருஷம் மூன்று கலியாணம், மூன்றிலும் தாய்தான் போட்டது. சும்மா சொல்லி வைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா, பெர்னடெற்

*

கொலம்பஸ்
2 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இரத்த அழுத்தம் இறங்க மடு மாதாவை மன்றாடுகிறேன். உப்பைக் குறையுங்கள். கருவாட்டையும்தான்.

நேற்று மார்ச் முதலாம் திகதி, ஓஹாயோவின் பிறந்தநாள். அதுக்கு ஒரு கதை இருக்கிறது. 1803இல் பதினேழாவது மாநிலமாகச் சேர்ந்தது. சேர்ந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்குப் பள்ளிக்கூட வாத்திமார் அந்தப் பத்திரத்தைத் தேடியிருக்கிறார்கள். தேடினால், இல்லை! சேர்த்துக்கொண்டோம் என்று கொங்கிரஸ் ஒரு தீர்மானம் நிறைவேற்றவேணும், அதை மறந்தே போனார்களாம். பிறகு 1953இல், 1803இலிருந்தே சேர்ந்ததுதான் என்று பின்திகதி போட்டு நிறைவேற்றினார்கள். அதுக்கான மனுவைத் தலைநகருக்குக் குதிரையில் கொண்டுபோனார்களாம். றொசாந்திக்கு இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்கா, நீங்கள் நெற்றைப் பற்றி ஏதோ சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள். நேரே சொல்லுங்கள். நான் உங்கள் தங்கச்சிதானே. றோட் ஐலண்ட் யார் என்று விளங்காத அளவுக்கு நான் மொக்கு இல்லை. 1997இல் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு மன்னாரிலிருந்து லண்டன் வர எனக்கு விசா தரவில்லை. வராமல் நின்றது என் விருப்பமா?

நேரான பதிலை எதிர்பார்த்து,
றஜீனா

*

மனோர் பார்க்
6 ஏப்ரல் 2025

றஜீனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நேரே சொல்லு என்றாய், சொல்கிறேன். கலியாணப் பதிவுக்கு, ஆறு மாதத்துக்குள் எடுத்த ஞானஸ்நான அத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள். பழைய பங்குக்குப் போய் எடுத்தேன். அதில் ஞானத்தாய் என்ற இடத்தில் உன் பெயர் இல்லை. எமில்டாவின் பெயர் இருக்கிறது. அப்போது எங்களோடு ஒரே வீட்டில் மேல் அறையில் இருந்தாளே, நீ வராதபடியால் உனக்குப் பதிலாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றவள், அவள்தான். அந்தக் காலத்துப் பாதருக்கு வயசு போய்விட்டது, எங்கள் பெயர்களும் பிடிபடாது. யார் தூக்கினாரோ அவர் பெயரை எழுதிவிட்டார் போல.

நான் என்ன செய்ய? கோயில் புத்தகத்தில் உள்ளதுதான் உள்ளது. எமில்டா ரொறொன்ரோவில், கண்டு இருபது வருஷத்துக்கு மேல். ஆகவே நெற்றை நானே போடுவதுதான் முறை என்று முடிவெடுத்திருக்கிறேன். நீ பக்கத்தில் நிற்கலாம். லேஸ் நெற்றைக் கொண்டுவா, அதையே போடலாம்.

ஈஸ்டர் வாழ்த்துகள்.
பெர்னடெற்

*

மனோர் பார்க்
11 மே 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஐந்து கிழமையாகிறது. தபாற்காரன் வந்தால் முதல் ஆளாக நான்தான் கதவடியில் நிற்கிறேன். கவுன்சில் கடிதமும் பீற்சா நோட்டீசும் வருகிறது. ஞானரட்ணத்துக்கு ஏதும் வருத்தமா? உனக்கு ஏதும் வருத்தமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போனும் எடுப்பதில்லையாம். றொசாந்தி கீழேதான் இருக்கிறாள், என் முன்னால், கதவு எல்லாம் திறந்தபடி. இதைத்தானே ஆசைப்பட்டேன். டெக்சஸ் ஒன்பது வருஷம் தனி நாடாக இருந்துவிட்டுத்தானே சேர்ந்தது என்று நானாகக் கதையைத் தொடங்கினேன். "ஓம் அம்மா" என்றாள். அவ்வளவுதான். பிறகு, "சித்தியோடை என்ன பிரச்சினை?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

*

கொலம்பஸ்
25 மே 2025

அக்காவுக்கு,

இங்கே ஒருவருக்கும் வருத்தமில்லை. அங்கும் அப்படியே இருக்கட்டும்.

பாதரைச் சொல்லாதீங்கள். செத்துப்போன மனுசன், பாவம். அத்தாட்சியில் எமில்டாவின் பெயர் இருப்பது எனக்குத் தெரியும். 2003இலிருந்து தெரியும். நான் அமெரிக்கா வந்த புதிதில் அவ ரொறொன்ரோவிலிருந்து போன் எடுத்தவ. "உம்மடை பெறாமகள் என்ரை ஞானப்பிள்ளையெல்லே, படம் ஒண்டு அனுப்பும்" என்று கேட்டா. நான் சிரித்துக்கொண்டே அனுப்பினேன். போனை வைத்தபிறகு குளியலறைக்குள் போய் இருந்து அழுதேன்.

விசா கிடைக்காது என்று தெரிந்ததும், மன்னார்ப் பங்குத் தந்தையிடம் போய், நான் ஞானத்தாயாக இருக்கத் தகுதியானவள், எனக்குப் பதிலாக ஆள் நிற்கச் சம்மதம் என்று சீல் குத்தின கடிதம் வாங்கி அனுப்பினேனே. பதிவுத் தபாலில். கிடைத்தது என்று நீங்களே எழுதினீர்கள். அதை என்ன செய்தீர்கள், அக்கா?

இருபத்திரண்டு வருஷம் நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும், அந்தப் பதிலுக்குப் பயம். மார்ச்சில் ஓஹாயோவின் கதையைச் சும்மா எழுதவில்லை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று எழுதினேன். நீங்களோ அந்த அத்தாட்சிக் கடதாசியையே எடுத்து எனக்கு எதிராகக் காட்டினீர்கள்.

பத்திரம் இல்லாமலே ஓஹாயோ ஏழு ஜனாதிபதிகளைப் பெற்றுக் கொடுத்திருக்கிறது. நானும் பத்திரம் இல்லாமல்தான் ஒவ்வொரு ஜூன் பதினைந்துக்கும், ஞானஸ்நான நாளுக்கு, பிள்ளைக்குப் பரிசு அனுப்பினேன்.

கலியாணத்துக்கு நான் வரவில்லை. நெற்றைத் தனியாகப் பார்சலில் போட்டிருக்கிறேன். நீங்களே போடுங்கள்.

றஜீனா

*

மனோர் பார்க்
15 ஜூன் 2025

என் அன்புத் தங்கச்சி றஜீனாவுக்கு,

நான் சுகமில்லை. உன் சுகத்தைக் கேட்கவும் எனக்கு வாயில்லை.

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. உன் கடிதத்தைக் குசினியில் நின்றபடி வாசித்தேன். சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் மணத்தது.

அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். றொசாந்தி பிறந்து, முதல் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். பத்தொன்பது மணித்தியாலம் நோவு தின்று பெற்ற பிள்ளை. அம்மாவின் பதில் ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் வந்தது. "பிள்ளை அச்சு அசல் றஜீனாதான், அதே கண், அதே நெற்றி" என்று ஒன்றரைப் பக்கம். என்னைப் பற்றி ஒரு வரி, பத்தியம் காக்கும்படி. சின்னனிலிருந்து நீ வடிவு, நீ கெட்டிக்காரி, நான் மூத்தது. சரி, அதெல்லாம் சகித்தேன். நான் பெற்றதும் உன்னுடையதா?

அடுத்த நாள் பாதர் பேனையைத் திறந்துவைத்துக்கொண்டு ஞானத்தாயின் பெயரைக் கேட்டார். உன் சீல் குத்தின கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது. என் வாய் எமில்டா என்றது. அவர் பிழை விடவில்லை. நான் சொன்னதைத்தான் எழுதினார்.

அந்தச் சீல் கடிதத்தை நான் கிழிக்கவுமில்லை. பாஸ்போட்டுகளோடு வைத்திருந்தேன். மூன்று வீடு மாறியும் கூடவே வந்தது.

உன் கடிதம் கிடைத்த அன்றே அதை எடுத்துக்கொண்டு பழைய பங்குக்குப் போனேன். இப்போது இருப்பவர் இளம் பாதர். "ஏன் இவ்வளவு காலம் கழித்து?" என்று கேட்டார். பொறாமை பாதர் என்றேன். அந்தச் சொல்லை இங்கிலிஷில் சொல்ல எனக்கு நாக்கு வரவேயில்லை, இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது. பிஷப் மேற்றிராணியாரின் அலுவலகத்தில் கேட்டுத்தான் புத்தகத்தில் தொடலாம் என்றார். நடந்ததை என் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்தேன். மூன்று நாள் முன்னம் கூப்பிட்டார். பழைய வரிக்குப் பக்கத்தில் ஓரத்தில் எழுதியிருக்கிறது: ஞானத்தாய் றஜீனா, அவருக்குப் பதிலாக நின்றவர் எமில்டா. திகதி 15 ஜூன் 1997 தான். இன்றைக்குச் சரியாக இருபத்தெட்டு வருஷம்.

புதிய அத்தாட்சியை இதோடு வைத்திருக்கிறேன். குதிரை கிடைக்கவில்லை, பதிவுத் தபாலில் வருகிறது.

றொசாந்திக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சுவரில் இருந்த படத்தில் ஓஹாயோவுக்கு ஒரு சிவப்பு ஊசி குத்தியிருந்தது.

வா. நெற்றை நீ போடு. நான் பக்கத்தில் நிற்கிறேன். தொடமாட்டேன். எனக்கு எரியும், ஆனாலும் தொடமாட்டேன்.

மன்னிப்புக் கேட்டு,
அக்கா

*

கொலம்பஸ்
29 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாய் இருங்கள். அடிப்பிடித்த பானையை ஊறப் போடுங்கள்.

அத்தாட்சி கிடைத்தது. பிறிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். இவர் பால் எடுக்கப் போகிற ஒவ்வொரு முறையும் வாசித்துக்காட்டச் சொல்லிக் கரைச்சல் கொடுக்கிறேன்.

எனக்கும் உங்களில் பொறாமை இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வருஷமும் 'இல்லை' என்று கேட்டுக்கொண்டு வந்த காலத்தில், நீங்கள் போனில் "றொசாந்தி சாப்பிடுறாளில்லை" என்று முறைப்பாடு சொல்வீர்கள். எனக்குப் போனைச் சுவரில் அடிக்கவேணும் போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவளை ஒரு மணித்தியாலம் பிடித்து வைத்தது ஆராய்ச்சிக்காக மட்டும் என்று எழுதியது முழு உண்மை இல்லை. நீங்கள் கீழே இருந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் பலமாகச் சிரிப்பேன்.

போன ஞாயிறு பிள்ளை எடுத்தவள். கதவைச் சாத்தவில்லை என்று சொன்னாள். வட டக்கோட்டா, தென் டக்கோட்டா கதையை உங்களுக்கும் சொல்லச் சொன்னாள். 1889இல் ஒரே நாளில் இரண்டும் சேர்ந்தன. யார் முதல் என்று இரண்டுக்கும் போட்டி. அன்றைய ஜனாதிபதி பத்திரங்களின் பெயர்களை மறைத்து, மாற்றிக் கலந்துவிட்டுக் கையெழுத்து வைத்தாராம். எது முந்தியது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. "நானும் அப்பிடித்தான் செய்யப் போறன் சித்தி. கண்ணை மூடிக்கொண்டிருப்பன். ரெண்டு பேரும் பின்னாலை நிண்டு போடுங்கோ. ஆர் முதல் எண்டு எனக்குச் சொல்லக்கூடாது" என்றாள்.

ரிக்கெற் எடுத்துவிட்டேன். ஓகஸ்ட் 17 ஹீத்ரோ. அத்தானை வரச் சொல்லுங்கள், பஸ்ஸோடு வேண்டாம்.

உங்கள் தங்கச்சி,
றஜீனா

*

மனோர் பார்க்
14 செப்டெம்பர் 2025

அன்புள்ள தங்கச்சி றஜீனாவுக்கு,

நீ சுகமாய்ப் போய்ச் சேர்ந்தது சந்தோஷம். இங்கே வீடு வெறிச்சென்று கிடக்கிறது. மகள் நிஷாந்தோடு வோல்தம்ஸ்ரோவுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது எனக்கும் போன்தான். உனக்கு ஒரு மணித்தியாலம், எனக்கு ஒரு மணித்தியாலம். இவர் மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னார், உனக்கு ஆறு நிமிஷம் கூடவாம்.

அன்று காலையை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கதிரையில். நெற்றின் ஒரு நுனி உன் கையில், மற்றது என் கையில். நீ முதலில் வைக்கட்டும் என்று நான் பொறுத்தேன். நான் வைக்கட்டும் என்று நீ பொறுத்தாய். இரண்டு பேரும் நெற்றைக் காற்றில் பிடித்தபடி நிற்கிறோம், கீழே இவர் ஹோர்ன் அடிக்கிறார், "என்ன, போட்டாச்சா?" என்று பிள்ளை கேட்கிறாள். வாழ்க்கையில் முதல் தரமாக நீ முந்து, நீ முந்து என்று நின்றோம். அதுக்கும் நேரம் பார்த்தோமே!

எது முதலில் பட்டது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஆனால் படம் எடுத்தவன் அனுப்பியதில் ஒன்றில், பிள்ளையின் தலையில் உன் கை மேலே, என் கை கீழே. வேறு இருபது படம் இருக்கிறது. ஒன்றில் என் கை நன்றாகவே தெரிகிறது. இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க இருந்தேன்.

உன் கை மேலே இருக்கிற படத்தைத்தான் பெரிதாக்கி ஹோலில் மாட்டியிருக்கிறேன். வருகிற சனம் எல்லாம் கேட்குது, மேலே இருக்கிறது ஆரின்ரை கை என்று. "ஞானத்தாயின்ரை" என்று சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் எரிகிறது. ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

ஞானரட்ணத்தின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

பொறாமை தீராத உன் அக்கா,
பெர்னடெற்